பன்னாடை யானை

‘போடா பன்னாடை!’ என்று யாராவது உங்களைத் திட்டினால் இனிமேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாயில் காபி இருந்தால் விழுங்கிவிட்டு, ‘ரொம்ப தாங்க்ஸ் சார்’ என்று சொல்லி நகருங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

இந்தத் திட்டுக்கு இலக்கண அந்தஸ்து உண்டு. 13-ம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் மாணவர்களைத் தரம் பிரித்து ராங்க் போட்டிருக்கிறார். முதல் ராங்க் அன்னத்துக்கும் பசுவுக்கும். நடு பெஞ்சில் மண்ணும் கிளியும். கடைசி பெஞ்சில் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, அப்புறம் நெய்யரி. நெய்யரி என்றால் சாட்சாத் பன்னாடைதான். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதனால். எங்கள் தமிழ் வாத்தியார் இந்தப் பாடத்தை நடத்தும்போது கடைசி நாலுக்கும் கிளாஸிலேயே ஆளைக் கைகாட்டினார். நான் அதில் எந்த ஐட்டம் என்பது இந்தப் பக்கத்துக்கு அவசியமில்லை.

தென்னை மரத்தில் மட்டை போய் மரத்தோடு சேருகிற இடத்தில், பழுப்பாக, சாக்குத்துணி மாதிரி சுற்றிக்கொண்டு கிடக்குமே, அதுதான் பன்னாடை. எங்கள் நாஞ்சில் நாட்டில் சில்லாட்டை என்பார்கள். எந்தத் தறியிலும் ஏறாமல், குறுக்கும் நெடுக்குமாக இழையோடி, மரத்திலேயே ரெடிமேடாகக் காய்த்துக் கிடக்கும் துணி. கள், பதநீர் வடிகட்ட ஒரு காலத்தில் இதுதான். எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டின் மேல் இப்போது இதில் ஒரு யானை நிற்கிறது. நாலு கால், ஒரு தும்பிக்கை, ஒன்றேகால் காது.

அது வந்த கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. கல்யாணமாகாத தம்பிமார் ‘பிள்ளை குட்டி சமாசாரம்’ என்று அடுத்த பக்கத்துக்குத் தாண்ட வேண்டாம். உங்களுக்கும் அக்கா இருப்பாள். அக்காவுக்குப் பிள்ளை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்கு அந்தப் பிள்ளைக்குக் கிராஃப்ட் ஹோம்வொர்க் ஞாபகம் வரும். அப்போது ‘மாமா வந்திருக்காருல்லா, அவருட்ட கேளு’ என்பார்கள்.

எங்கள் பையன் இரண்டாம் வகுப்பு. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டைரியில் வந்தது: ‘திங்கட்கிழமை கிராஃப்ட். ஃபெல்ட் துணியில் ஒரு பொம்மை. மாணவர் தாமே செய்ய வேண்டும்.’ ‘தாமே’ என்பதன் அடியில் மிஸ் இரண்டு கோடு போட்டிருந்தார். கோடு பையனுக்கு இல்லை என்பது தெளிவு.

வடசேரியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் போய் ஃபெல்ட் கேட்டேன். எனக்கு முன்னால் இரண்டு அம்மாக்கள் அதே டைரியோடு நின்றார்கள்.

“சாம்பல் கலர்ல குடுங்க. யானை செய்யணும்.”

“சாம்பல் தீந்து போச்சே சார். பச்சை இருக்கு, ரோஸ் இருக்கு. இல்லேண்ணா ஆந்தை ரெடியா வெட்டி வச்சது இருக்கு. கண்ணை மட்டும் ஒட்டினா போதும். எல்லாரும் அதைத்தான் கொண்டு போறாங்க.”

பச்சையில் இரண்டு ஷீட் வாங்கிக்கொண்டேன். பச்சை யானை உலகத்தில் இல்லைதான். ஆனால் வெட்டிவைத்த ஆந்தையில் பையன் ‘தாமே’ செய்ய என்ன மிச்சம் இருக்கிறது?

ஃபெல்ட் என்றால் என்ன என்று நமக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசாங்க ஆபீஸோ, தனியார் ஆபீஸோ, மேஜைமேல் ஸ்டாம்ப் பேட் இருக்கிறதே, அதன் மூடியைத் திறந்து மைக்கடியில் பாருங்கள். பழைய மாதிரிப் பேட் என்றால் மையைக் குடித்துவிட்டுக் கம்மென்று படுத்திருப்பது ஃபெல்ட்தான். ஸ்கெட்ச் பேனாவின் முனையும் அந்த ஜாதி. ஆர்மோனியக் கட்டைக்கு அடியில் டக்கென்று சத்தம் வராமல் மெத்தை போட்டிருப்பதும் அதுவே. ‘ரிசீவ்டு’ என்று தினமும் அதன் தலையில்தான் குத்திக்கொண்டிருக்கிறோம், அறிமுகம் இல்லாமலே.

மற்ற துணிக்கெல்லாம் நூல் வேண்டும், தறி வேண்டும், ஊடும் பாவும் வேண்டும். ஃபெல்ட்டுக்கு ஒன்றும் வேண்டாம். ஆட்டு ரோமத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மீனுக்கு இருப்பதுபோல் செதில் செதிலாக இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு அழுத்தி உருட்டினால் ஒரு ரோமத்தின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். மாட்டியது விடாது. ஊட்டிக்குப் போய் ஆசையாக வாங்கி வந்த கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் அலசி, அது பக்கத்து வீட்டுக் குழந்தை சைஸுக்குச் சுருங்கிப்போன அனுபவம் சிலருக்கு இருக்கலாம். அதே வித்தைதான். மங்கோலியாவில் கூடாரத்துக்கே இதைப் போர்த்துகிறார்கள். காஷ்மீரில் நம்தா என்று தரைவிரிப்பாக விற்கிறார்கள். சைபீரியப் பக்கம் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில் பனியில் உறைந்து கிடந்த கல்லறைகளைத் தோண்டியபோது ஃபெல்ட்டில் செய்து உள்ளே அடைத்துத் தைத்த அன்னப்பறவை கிடைத்தது. வயது சுமார் 2,300 வருஷம். இப்போது ரஷ்யாவில் ஹெர்மிடேஜ் மியூசியத்தில் இருக்கிறது. பவணந்தியின் முதல் ராங்க் மாணவன் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறான்!

கம்பளிக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் என்ன உறவு? சபரிமலைக்குப் போகிறவர் இருமுடியோடு கொண்டு போகும் போர்வை, அவ்வளவுதான். கடையில் கிடைக்கும் ஃபெல்ட்டும் பெரும்பாலும் கம்பளி இல்லை, பாலியெஸ்டர். முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தி இழையைச் சிக்கவைப்பார்கள். ஆனால் பிள்ளைகள் கைக்கு இதைவிடத் தோதான துணி கிடையாது. நூலே இல்லாததால் எங்கே வெட்டினாலும் ஓரம் பிரியாது. மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். ஏழு வயசுக்காரன் கோணலாக வெட்டினாலும் துணி அவன் பக்கம் நிற்கும்.

யானைதான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்ததற்கு ஒரு கதை காரணம். சனிக்கிழமை காலையில் நான் சொன்ன கதை. ஜெர்மனியில் கீங்கன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மார்கரெட்டே ஸ்டைஃப் என்று ஒரு பெண், 1847-ல் பிறந்தவர். ஒன்றரை வயதில் போலியோ. இரண்டு காலும் போயிற்று, வலது கையும் சொன்னபடி கேட்காது. சக்கர நாற்காலியில் இருந்தபடி தையல் படித்து, 1877-ல் ஃபெல்ட் உடுப்புக் கடை வைத்தார். 1880-ல் ஒரு ஃபேஷன் பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து ஃபெல்ட்டில் குட்டி யானை தைத்தார். ஊசி குத்தி வைக்கத்தான். வீட்டுப் பிள்ளைகள் அதை ஊசி குத்த விடவில்லை, தூக்கிக்கொண்டு ஓடிவிட்டன. அதிலிருந்து ஆரம்பித்ததுதான் ஸ்டைஃப் பொம்மைக் கம்பெனி. அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவர், ரிச்சர்ட், 1902-ல் கைகால் ஆடும் கரடி ஒன்று வரைந்து கொடுத்தார். 1903 லைப்ஸிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்கர் ஒரே மூச்சில் 3,000 கரடிக்கு ஆர்டர் கொடுத்தார். உலகமே கட்டிப்பிடித்துத் தூங்குகிற டெடி பேரின் வம்ச வரலாறு இப்படி ஓர் ஊசிமெத்தையில் தொடங்குகிறது.

பையன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. “அவங்களுக்கும் கை ஆடுமாப்பா?”

கேட்டுவிட்டுத் திண்ணைப் பக்கம் பார்த்தான். அங்கே அப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பற்றிப் பிறகு.

செய்முறைக்கு வருவோம். நியூஸ் பேப்பரில் யானை வரையுங்கள். பிள்ளை வரையட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். இதுதான் உள்ளதிலேயே கஷ்டமான வேலை. தும்பிக்கை முழங்கை நீளத்துக்குப் போகும். ‘டேய், பன்றி மாதிரி இருக்கு’ என்று வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். வரைந்ததை வெட்டித் துணிமேல் குண்டூசியால் குத்தி, ஒரே மாதிரி இரண்டு வெட்ட வேண்டும். அடுத்து தையல். சின்னப் பிள்ளையிடம் கூர் ஊசி கொடுக்கப் பயம் என்றால் ஓர் ஆபீஸ் தந்திரம் இருக்கிறது. ஃபைல் குத்துகிற பஞ்ச்சை வீட்டுக்கு எடுத்து வாருங்கள் (திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடுங்கள்). துணியை ஒரு பழைய சர்க்குலர் தாளுக்குள் மடித்து வைத்துக் குத்தினால் ஓட்டை சுத்தமாக விழும். ஓரத்தைச் சுற்றி ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டால், முனை மழுங்கிய பெரிய ஊசியிலோ வெறும் ஷூ லேஸிலோ உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பிள்ளையே கோத்துக்கொண்டு போகும். வயிற்றில் கொஞ்சம் இடம் விட்டு, இலவம்பஞ்சை அடைத்து, மூட வேண்டும். கண்ணுக்குப் பட்டன் வேண்டாம், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பிய்த்து வாயில் போடும். கறுப்பு நூலால் இரண்டு புள்ளி தைத்தால் போதும். குன்றிமணி அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது விஷம். பிள்ளையார் சிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அவர் வாயில் போடுவதில்லை.

எங்கள் பச்சை யானைக்கு மூன்று கால்தான் வந்தது. நாலாவது கால் வெட்டும்போது தவறிவிட்டது. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

“ஒரே ஒரு காதை மட்டும் நான் சரி பண்ணிக் குடுக்கட்டா? ஒரே ஒரு காது.”

“வேண்டாம். மிஸ் ‘தாமே’க்கு ரெண்டு கோடு போட்டிருக்காங்க.”

“மத்த பிள்ளைகளெல்லாம் ஒழுங்கா கொண்டு வருமே. இவன் மட்டும் இதை எப்படிக் கொண்டு போவான்?”

நியாயமான கேள்வி. பையனே பதில் சொன்னான்: “அது ஒரு காலை மடக்கி வச்சிட்டு நிக்கும்மா.”

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மேஜையில் எல்லாவற்றையும் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஆந்தை. அடுத்தது ஆந்தை. அதற்கடுத்தது கொஞ்சம் பெரிய ஆந்தை. பதினேழு ஆந்தைகள் ஒரே முகஜாடையில் என்னை முறைத்தன. எங்கள் பச்சை யானை பின் வரிசையில் ஒரு கிளிப்புக்கு முட்டுக்கொடுத்து நின்றது. பையன் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டான்:

“அப்பா, இவங்க அம்மா எல்லாம் எந்த கிளாஸ்ல படிக்காங்க?”

மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோடு போடுவதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? அவர் யானையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை நீயாடே தச்ச?” என்று கேட்டதும், பையன் தலையாட்டியதும் எனக்குப் போதுமாக இருந்தது. மார்க் ஆந்தைக்குத்தான் போயிற்று. போகட்டும்.

இனி அப்பா.

பூதப்பாண்டிப் பக்கம் ஊர். அம்மா போனபிறகு அவரைத் தனியாக விட முடியாமல் போன வருஷம் நாகர்கோவிலுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பையனுக்குப் பாட்டா. இடையில் வலது கை ஆட ஆரம்பித்தது. பார்க்கின்ஸன் என்றார் டாக்டர். “கை சும்மா கெடக்கும்போதுதான் ஆடும். ஏதாவது வேலைல இருந்தா கொஞ்சம் அடங்கும். வேலை குடுங்க” என்றும் சொன்னார். நாங்கள் மாத்திரை கொடுத்தோம். வேலை எதுவும் கொடுக்கவில்லை. வயசான மனுஷரை வேலை வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? அவரும் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டார். யாராவது வந்தால் உள்ளே எழுந்து போய்விடுவார். சாப்பாடுகூட நாங்கள் முடித்தபிறகு தனியாக. ‘பாட்டாக்க கை ஏன் ஆடுது?’ என்று பையன் ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டதிலிருந்து அவனிடமும் பேச்சு குறைந்துபோயிற்று.

யானை திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் தேங்காய் வெட்டு. அப்பாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மரம் ஏறியவர் தேங்காயோடு காய்ந்த மட்டை, கொதும்பு, சில்லாட்டை எல்லாவற்றையும் கழித்துக் கீழே தள்ளியிருந்தார். பையன் பச்சை யானையைக் கையோடு கொண்டு வந்திருந்தான். அப்பா அதை வாங்கிப் பார்த்தார். தையலைத் தடவினார்.

“இந்தத் துணி என்ன வெலைலே?”

சொன்னேன்.

“சவத்தத் துணிக்குப் பைசா குடுத்து வேங்கியிருக்கான் பாரு! இந்தக் கெடக்குல்லா சில்லாட்டை. யானைக்கத் தோலு மாதிரியே இருக்கும். மக்கா, நீ அந்த ஓரத்துல கெடக்கத எடு. கிழியாதது பாத்து எடு.”

ஒரு வருஷத்தில் அவர் ஒரு மூச்சில் பேசிய அதிகபட்ச வார்த்தைகள் அவைதான்.

சில்லாட்டையைத் தூசி போக அலசி அரைமணி நேரம் தண்ணீரில் போட்டால் முறுக்கு விட்டுத் துணிபோல் வளையும். ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்கடியில் வைத்தால் சமமாகிவிடும். ஃபெல்ட் மாதிரி இது சாது இல்லை, வெட்டின ஓரம் பிரியும். வெட்டப்போகிற கோட்டின்மேல் முன்கூட்டியே ஃபெவிகால் தடவிக் காயவிட்டால் பிரியாது (இது என் மனைவியின் கண்டுபிடிப்பு. காதை விட்டுக்கொடுத்தவள் ஓரத்தில் உள்ளே புகுந்துவிட்டாள்). உள்ளே அடைக்கக் கதம்பையிலிருந்து உரித்த தும்பு. வாலுக்கும் அதுவே. கொம்புக்கு இரண்டு துண்டு ஈர்க்கில்.

அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது. பையன் கோத்துக் கொடுத்தான். பையனுக்குச் சில்லாட்டையில் ஊசியை அழுத்தி இறக்க பலம் போதாது. அப்பா இறக்கினார். கை ஆடாமல் இருந்ததா என்றால், அப்படியெல்லாம் அற்புதம் நடக்கவில்லை. ஒவ்வொரு தையலுக்கும் நேரம் ஆயிற்று. நடுவில் நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஊசி துணிக்குள் போகிற அந்த நிமிஷம் விரல் நின்றது. டாக்டர் சொன்னது அதுதான் போலிருக்கிறது. மூன்று நாள் சாயங்காலம் ஆயிற்று அந்த யானைக்கு. ஆட்டோ வந்து நின்றதும் பையன் நேராகத் திண்ணைக்குத்தான் போவான்.

அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்த முடியவில்லை. தென்னோலையில் வாட்ச், கண்ணாடி, கிளி. பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையைப் பல்லால் லேசாக நசுக்கினால் பீப்பி. அதைப் பையன் ஊதி, பக்கத்து வீட்டு நாய் இப்போது எங்களுக்கு விரோதி. நுங்கு தின்ற கூந்தலில் இரண்டை எடுத்துக் குச்சியில் மாட்டிக் கவைக்கம்பால் தள்ளினால் வண்டி. கமுகம்பாளையில் ஒருத்தனை உட்கார வைத்து ஒருத்தன் இழுத்தால் கார். இது டவுன் தார் ரோட்டில் வேண்டாம், நிக்கர் தாங்காது. காட்டாமணக்குப் பாலில் புல்லை வளையமாக முடிந்து ஊதினால் சோப்பு இல்லாமலே முட்டை முட்டையாகப் பறக்கும். ஊதினபிறகு கையைக் கழுவிவிட வேண்டும், வாய்க்குள் போகக் கூடாது. நாற்பது வயதைத் தாண்டிய குமரி மாவட்டத்துக்காரர்கள் யாரைத் தட்டினாலும் இதில் நாலாவது உதிரும். எனக்கு ஞாபகம் இருந்தது, விரலுக்கு மறந்துவிட்டது. கிளிக்கு ஓலையை எந்தப் பக்கம் மடக்குவது என்று நானே பையனுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்துக்கொண்டேன்.

பனையோலைக்குத்தான் திண்டாட்டம். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் பனை நின்ற எத்தனையோ விளைகளில் இப்போது ரப்பர் நிற்கிறது. செங்கல் சூளைக்கு விறகாகப் போனது வேறு. 2021 ஆகஸ்டில் வந்த தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். மரத்தை வெட்டாமல் காப்பாற்றிவிடலாம், ஏறுவதற்கு ஆள்? குருத்தோலை ஒன்று வேண்டும் என்று நான் மூன்று பேரிடம் சொல்லி வைத்து, இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது. அதை வைத்து அப்பா பின்னியதுதான் கிலுக்கு. சப்பரத் திருவிழாக்களில் முன்பெல்லாம் விற்குமே, சதுரமாகப் பெட்டி பின்னி, உள்ளே நாலு புளியங்கொட்டை போட்டு, பிடி வைத்தது.

பின்னி முடித்துப் பிடியைக் கையில் பிடித்தார். வேலை முடிந்துவிட்டது அல்லவா, கை சும்மா இருந்தது. ஆட ஆரம்பித்தது. கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

ஒரு நிமிஷம் யாரும் ஒன்றும் பேசவில்லை. என் மனைவி உள்ளே போய்விடலாமா என்று பார்த்தாள்.

அப்பாதான் பேசினார். “பாத்தியால மக்கா? மத்தவனுக்கெல்லாம் இத ஆட்டணும். பாட்டாக்கு ஆட்டாண்டாம். தானே ஆடும்.”

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். துண்டு தோளில் கிடந்தது.

இதையெல்லாம் பெரிய பெரிய ஆட்களும் செய்துகொண்டிருக்கிறார்கள். அரவிந்த் குப்தா என்பவர் கான்பூர் ஐ.ஐ.டி. படித்தவர். புனேயில் டெல்கோ கம்பெனி வேலை. 1978-ல் லீவு போட்டுவிட்டு மத்தியப்பிரதேசத்தில் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் வால்வ் ட்யூபும் தீக்குச்சியும் வைத்து ஜியோமிதி வடிவங்கள் செய்துகாட்டினார். பிறகு வாழ்நாள் வேலையே குப்பையில் பொம்மை செய்வது என்று ஆகிவிட்டது. 2018-ல் பத்மஸ்ரீ. லீவு போட்டுவிட்டு நீங்களும் போங்கள் என்று நான் சொல்லவில்லை, உங்கள் மானேஜர் என்னைத் தேடி வந்துவிடுவார். சாயங்காலம் ஒரு முக்கால் மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. அதற்கு ஒரு கத்தரிக்கோல், ஊசி, மரத்திலிருந்து விழுந்தது ஏதாவது.

ஒரு சட்டப் பிரச்சினை உண்டு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் கடையில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், பெயிண்ட்டும் பிளாஸ்டிக்கும் பிள்ளை வாய்க்குள் போகிற விஷயம். எங்கள் ஓலைக்கிளிக்கு முத்திரை கிடையாது. அதை யாரும் விற்கவும் முடியாது. மறுநாள் காலையில் வாடிவிடும், மூன்றாம் நாள் வாரியலோடு போய்விடும். பையன் அதற்காக அழுவதும் இல்லை, இன்னொன்று கேட்கிறான், அவ்வளவுதான். ரிமோட் கார் உடைந்தபோது இரண்டு நாள் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. அதற்கு விலை 1,200 ரூபாய். அழுதது பையனா நானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நேற்று டைரியில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ‘உபயோகமில்லாத பொருள்களைக் கொண்டு எரிமலை. மாணவர் தாமே செய்ய வேண்டும்.’ இந்த முறை மூன்று கோடு. பையன் எரிமலை என்றால் என்ன என்று பாட்டாவுக்குக் கையை விரித்துக் காட்டி விளக்கினான். உச்சியில் பள்ளம் இருக்கும், உள்ளேயிருந்து புகை வரும்.

அப்பா கொஞ்ச நேரம் கொல்லையில் குவிந்து கிடந்த கதம்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொகைதான வரணும்? உள்ள ரெண்டு கங்கு போட்டா, நீ வேண்டாம்னாலும் ராத்திரி முழுக்கப் பொகையும்.”

தீப்பெட்டியை என் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள்.